முதுகெனும் தேருக்கு முட்டுக்கட்டை

பிரதோஷ வேளை. நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நிறைவுற்று, சந்நிதியில் திரை விலகுகிறது. தீபாராதனையின் ஒளியில் கூடியிருந்தோர் கரம் குவிக்கின்றனர். பின்னர் ஒவ்வொருவராகக் கொடிமரத்தருகே வந்து, விழுந்து வணங்கி எழுகின்றனர். தூணோரம் இடுப்பில் ஒரு கையை ஊன்றியபடி நிற்கும் மூதாட்டி மட்டும், நின்ற நிலையிலேயே கும்பிட்டுக்கொள்கிறார்.

"விழுந்து கும்பிட்டு இரண்டு வருஷமாச்சும்மா. விழுந்தால் எழுந்திருக்க முடியாதோன்னு பயமா இருக்கு" என்று மருமகளிடம் மெல்லச் சொல்கிறார்.

எந்த ஊர்க் கோயிலுக்கும் பொருந்தும் காட்சி இது. இத்தகையோரின் கதையும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். என்றோ ஒருநாள் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் ஒரு பிடிப்பு. பத்து நாள் படுக்கை, தைலம், மாத்திரை. வலி போயிற்று. 'பிழைத்தோம்' என்று எழுந்து நடமாடிய சில மாதங்களில் அதே இடத்தில் அதே வலி. மீண்டும் படுக்கை, மீண்டும் தைலம். நாளடைவில் வலி விருந்தாளி என்ற நிலை மாறி, வீட்டோடு தங்கிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தனர். 2050-இல் இந்த எண்ணிக்கை 84.3 கோடியை எட்டலாம் என்பது கணிப்பு. இவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரின் வலிக்கு, இன்ன நோய், இன்ன எலும்புச் சேதம் என்று ஒன்றைத் திட்டவட்டமாகச் சுட்ட இயலாது. எலும்பு முறியவில்லை, கட்டி இல்லை, தொற்று இல்லை. இருந்தும் வலி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? இந்தக் கேள்விக்கு மருத்துவ ஆய்வுகள் தரும் விடைகளுள் முக்கியமான ஒன்று, முதுகின் ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் பணிபுரியும் ஒரு தசையிடம் இருக்கிறது.

வடமும் கட்டையும்

தேர்த் திருவிழாவைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். வடம் பிடித்து இழுப்போர் பல நூறு பேர். அவர்களுடைய ஆரவாரமே காதை நிறைக்கும். ஆனால், தேர் போகும் போக்கை நிர்ணயிப்பவர்கள் சக்கரத்தருகே குனிந்தபடி கட்டையோடு நடக்கும் சிலரே. எந்தக் கணத்தில், எந்தச் சக்கரத்தின் கீழ், எந்தக் கோணத்தில் கட்டையை இடுவது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். வீதி முனையில் தேர் பிசகாமல் திரும்புவதும், சரிவில் கட்டுக்குள் நிற்பதும் அவர்களால்தான். முட்டுக்கட்டை என்ற சொல்லுக்குப் பேச்சு வழக்கில் தடை என்று பொருள். தேரோட்டத்திலோ அது காவல்.

மனித முதுகும் ஏறக்குறைய இவ்வாறே அமைந்திருக்கிறது. கழுத்து முதல் இடுப்பு வரை 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே மெத்தைபோல் வட்டுகள். இந்த அடுக்கை வளைக்கவும் நிமிர்த்தவும் தோலுக்கடியில் நீண்ட பெரிய தசைகள் உண்டு. அவை வடம் பிடிப்போர். அவற்றுக்கும் கீழே, எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டு குட்டையான இழைகளால் ஆன ஒரு தசை இருக்கிறது. மருத்துவர்கள் அதனை 'மல்டிஃபிடஸ்' என்பர். ஒரு முள்ளெலும்பின் பின்முனையில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு முள்ளெலும்புகளைத் தாண்டிக் கீழே சென்று பற்றிக்கொள்ளும் இழைகள் அவை. கீழ்முதுகில் இத்தசை மிகவும் தடித்திருக்கும். உடலைப் பெரிதாக வளைப்பது இதன் வேலையன்று. குனியும்போதும் திரும்பும்போதும் ஒவ்வொரு முள்ளெலும்பும் தன் இடத்திலிருந்து பிசகாமல் காப்பதே இதன் முதற்பணி. முட்டுக்கட்டை இடுவோர் இவர்கள்.

இந்தக் காவல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1992-இல் வெளியான ஆய்வுகள் உணர்த்தின. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மனோகர் பஞ்சாபி, முதுகின் உறுதி மூன்றின் கூட்டால் விளைகிறது என்று விளக்கினார். எலும்பு, வட்டு, நாண்கள் ஆகியவை ஒன்று, தசைகள் மற்றொன்று, இவ்விரண்டையும் இயக்கும் நரம்புக் கட்டுப்பாடு மூன்றாவது. தசைகளை நீக்கிவிட்டு, கீழ்முதுகின் எலும்பு அடுக்கை மட்டும் சோதித்தபோது, சுமார் 9 கிலோ எடைக்கே அது நிலைகுலைந்து மடங்கியது. நிறைகுடம் ஒன்றின் எடையைக்கூட அதனால் தாங்க இயலவில்லை. உயிருள்ள உடலில் அதே அடுக்கு அதைப்போல் பல மடங்குச் சுமையை நாள் முழுதும் தாங்குகிறதென்றால், அந்த வலிமை தசைகளும் நரம்புகளும் தருவது.

வலி விலகியது, தசை விழிக்கவில்லை

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலி ஹைட்ஸ் குழுவினர், முதன்முறையாக முதுகுவலி கண்ட 39 பேரை ஆராய்ந்து, 1996-இல் முடிவுகளை வெளியிட்டனர். அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையோடு மல்டிஃபிடஸ் தசையின் அளவு பதிவு செய்யப்பட்டது. வலி இருந்த பக்கத்தில், வலி இருந்த அதே மட்டத்தில், தசை சிறுத்திருந்தது.

பங்கேற்றோர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவ ஆலோசனை மட்டும். மற்றொரு குழுவுக்கு அத்துடன் ஆழ்தசையை இயக்கும் எளிய பயிற்சியும் அளிக்கப்பட்டன. நான்கு வாரங்களில் இரு குழுவிலும் பெரும்பாலோருக்கு வலி நீங்கிவிட்டது. வெளிப்பார்வைக்கு இரு குழுவினரும் குணமடைந்தவர்களே. ஆனால், பயிற்சி செய்யாதோரிடம் பத்து வாரங்கள் கழித்தும் தசை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. வலி போயிற்று, அது அடித்துப்போட்ட தசை எழவில்லை.

அதன் விளைவு பின்னர் தெரிந்தது. ஓராண்டுக்குள் பயிற்சி செய்யாதோரில் 84 சதவீதத்தினருக்கு வலி திரும்பியது. பயிற்சி செய்தோரில் 30 சதவீதத்தினருக்கே திரும்பியது. இந்த ஆய்வில் பங்கேற்றோர் சிலரே. ஆகவே இவ்வெண்களை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. எனினும், 'வலி போய்விட்டது. ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது' என்ற பரவலான நம்பிக்கையை இது அசைத்துவிட்டது.

தசை ஏன் இவ்வளவு விரைவில் சோர்கிறது? வட்டிலோ மூட்டிலோ காயம் ஏற்பட்டால், உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் நோக்கில் அவ்விடத்துத் தசைக்குச் செல்லும் நரம்புக் கட்டளையைக் குறைத்துவிடுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பன்றிகளிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான ஆய்வொன்றில், வட்டு காயமுற்ற மூன்றே நாள்களில் இத்தசை சிறுத்தது கண்டறியப்பட்டது. நாள்பட்ட வலியுடையோரின் எம்.ஆர்.ஐ. படங்களில், தசையிழைகள் இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பு படிந்திருப்பதும் அடிக்கடி காணப்படுகிறது.

காவலர் சோர்ந்தால் வடம் பிடிப்போர் என்ன செய்வர்? தேர் சாயுமோ என்ற அச்சத்தில் இறுக்கிப் பிடிப்பர். முதுகிலும் அதுவே நிகழ்கிறது. மேலடுக்கின் பெரிய தசைகள் ஓய்வின்றி விறைத்து நிற்கின்றன. விரைவில் களைத்து வலிக்கின்றன. வலித்தவர் அசைவைக் குறைக்கிறார். அசைவு குறைய ஆழ்தசை மேலும் மெலிகிறது. வலியும் பலவீனமும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் இவ்வாறு தொடங்குகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. முதுமையில் இத்தசையில் கொழுப்பு படிவது இயல்பு. அவ்வாறு படிந்தும் வலியே இல்லாதோர் பலர் உண்டு. உறக்கக் குறைவு, மனச்சுமை, வேலையின் தன்மை ஆகியவையும் வலியில் பங்கு வகிக்கின்றன. ஆகவே தசைச் சோர்வு பல காரணங்களுள் ஒன்று. ஆனால், மனிதரின் முயற்சியால் மாற்றக்கூடிய ஒன்று.

விண்ணிலிருந்து ஒரு சான்று

பயன்படாத தசைக்கு என்ன நேரும் என்பதற்கு விண்வெளியே சான்று. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நான்கு முதல் ஏழு மாதங்கள் தங்கித் திரும்பிய ஆறு நாசா வீரர்களின் முதுகை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்த முடிவுகள் 2016-இல் வெளியாயின. தேர்ந்தெடுக்கப்பட்ட உடல்வலிமை கொண்டவர்கள் அவர்கள். இருந்தும் கீழ்முதுகை ஒட்டிய தசைகளின் செயல்படும் பரப்பு சராசரியாக 19 சதவீதம் குறைந்திருந்தது. பூமிக்குத் திரும்பி ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழிந்தபோது, இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கே மீண்டிருந்தது. விண்வெளி வீரர்களுக்கு வட்டு பிதுங்கும் அபாயம், ஒத்த வயதுடைய பிறரைவிட நான்கு மடங்குக்கும் அதிகம் என்பது முன்னரே அறியப்பட்ட செய்தி.

அங்கே எடையே இல்லை. ஆகவே முதுகைத் தாங்கும் வேலையும் இல்லை. வேலையற்ற தசை மெலிந்தது. நாள் முழுதும் சாய்வு நாற்காலியிலும் சோபாவிலும் கழிப்போருக்கும், மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்போருக்கும் இதே பாடம் பொருந்தும்.

ஓய்வு எதுவரை?

முதுகுவலி என்றதும் படுக்கையை விரிப்பது பல காலப் பழக்கம். அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழுவினர் 203 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1986-இல் வெளியாயிற்று. சிலருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வும், சிலருக்கு ஏழு நாள் ஓய்வும் பரிந்துரைக்கப்பட்டன. குணமடைந்த விதத்தில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. இரண்டு நாள் ஓய்வெடுத்தோர் வேலைக்குச் செல்லாத நாள்கள்தாம் 45 சதவீதம் குறைந்திருந்தன. நீண்ட ஓய்வு கூடுதலாக எதையும் தரவில்லை.

இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே காலம் தள்ளுவோரும் பலர். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெல்ட்டையும் இடுப்பு இழுவை சிகிச்சையையும் வழக்கமான மருத்துவமாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியும், நோயைப் பற்றிய புரிதலும் அதன் பரிந்துரைகளுள் அடங்கும். அறுவைக்குப் பின்னரோ எலும்பு முறிவுக்கோ மருத்துவர் அணியச் சொன்ன பெல்ட் வேறு. அதனைத் தாமாகக் கழற்றலாகாது.

எழுப்பும் வழி

உறங்கும் தசையை எழுப்ப மூன்று படிகள் உதவும். இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் ஒருமுறையேனும் நேரில் காட்டிக் கற்றுக்கொண்டபின் தொடர்வது நலம்.

முதலாவது, நடை. ஆஸ்திரேலியாவில் முதுகுவலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. படிப்படியாக நடையைக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் என்ற இலக்கை நோக்கிச் சென்றோருக்கு, இயல்பு வாழ்வை முடக்கும் வலி திரும்ப நடுமதிப்பாக 208 நாள்கள் ஆயின. நடைத்திட்டம் இல்லாதோருக்கு 112 நாள்களே. பெரிய கோயிலின் வெளிப்பிரகாரம் இதற்கு ஏற்ற இடம். மூன்று சுற்றில் தொடங்கி, வாரந்தோறும் ஒரு சுற்றைக் கூட்டலாம். ஒரே நாளில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தில் இறங்கி, மறுவாரம் முழுதும் படுத்துவிடுவது இதற்கு நேர்மாறான வழி.

இரண்டாவது, ஆழ்தசைக்கான பயிற்சி. விரிப்பின்மேல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, பசு நிற்பதுபோல் நிற்க வேண்டும். வலக்கையை முன்னும், இடக்காலைப் பின்னும் மெல்ல நீட்டி, முதுகு சாயாமல் ஐந்து முதல் பத்து விநாடி நிறுத்தி, பிறகு இறக்க வேண்டும். அடுத்து இடக்கையும் வலக்காலும். மூச்சை அடக்கலாகாது. பக்கத்துக்கு ஐந்து முறை தொடக்கத்தில் போதும். முழங்கால் ஊன்ற இயலாதோர், மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்கலாம். சேதுபந்தாசனத்தின் எளிய வடிவம் இது.

மூன்றாவது, மெல்லக் கூட்டப்படும் சுமை. நாள்பட்ட வலியுடைய 59 பேரிடம் பெல்ஜியத்தில் பத்து வாரம் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வில், மென்மையான நிலைப்படுத்தும் பயிற்சியை மட்டும் செய்தோருக்குத் தசையின் அளவு கூடவில்லை. அதனுடன் எடையைத் தூக்கி, தூக்கிய நிலையில் சற்று நிறுத்தி இறக்கும் பயிற்சியையும் செய்தோருக்கே கூடியது. தசையை விழிக்கச் செய்ய மென்மை போதும். வளர்க்கச் சுமை வேண்டும். இந்தப் படியைப் பயிற்சியாளரின் மேற்பார்வையில் மட்டுமே ஏற வேண்டும்.

எந்தப் பயிற்சி சிறந்தது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 249 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சி நாள்பட்ட கீழ்முதுகு வலியைக் குறைக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது. செய்பவருக்கு உகந்ததும், அவர் கைவிடாமல் தொடரக்கூடியதுமே அவருக்கான பயிற்சி எனலாம்.

சந்நிதியில் வணங்குவது எப்படி?

வலியுடையோர் நின்ற நிலையிலிருந்து இடுப்பை மட்டும் மடக்கிச் சட்டெனக் குனியலாகாது. தூணையோ உடன் வந்தவரின் தோளையோ பற்றி, முதலில் ஒரு முழங்காலை ஊன்ற வேண்டும், பிறகு மற்றது. கைகளைத் தரையில் பதித்த பின்னரே தலை தாழ வேண்டும். எழும்போது இதே வரிசை தலைகீழாக. உட்கார்ந்து பாராயணம் செய்வோர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நான்கடி நடப்பதும், வரிசையில் நிற்போர் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொள்வதும் முதுகுக்கு இதம். சுவாமி புறப்பாட்டில் தோள்கொடுக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகள், திருவிழா நெருங்கும்போது மட்டுமன்றி, ஆண்டு முழுதும் முதுகுக்கும் காலுக்கும் பயிற்சி தருவது நன்று. அங்கப்பிரதட்சிணம் செய்ய நேர்ந்துகொண்டோர், வலி இருப்பின் மருத்துவரைக் கலந்துகொண்ட பிறகே செய்யலாம்.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

எல்லா முதுகுவலியும் தசையைச் சார்ந்ததன்று. சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறுதல், சிறுநீர் பிரியாமை, தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோடு கூடிய வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் புதிய வலி, விழுந்ததால் வந்த வலி, படுத்தாலும் தணியாமல் இரவில் வாட்டும் வலி ஆகியவற்றையும் பயிற்சியால் சரிசெய்ய முயலலாகாது. பயிற்சியின்போது வலி காலுக்குள் மின்னலாய் இறங்கினால் அதனை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும்.

ஒன்றரை மண்டலம்

ஒரு மண்டலம் என்பது 48 நாள். விரதம் ஏற்றோர் நடுவில் ஒருநாளும் தவறாமல் அதனை நிறைவு செய்வர். ஆழ்தசை மீள்வதை அளந்த ஆய்வுகளில் பேசப்படும் பத்து வாரம், ஏறத்தாழ ஒன்றரை மண்டலமே. தினம் இருபது நிமிடம் கூட ஆகாத பயிற்சியை, விரதத்துக்குரிய ஒழுங்கோடு அத்தனை நாள் தொடர்வோரின் முதுகு மாறத் தொடங்கும். வலி அடியோடு அகலும் என்ற உறுதியை எவரும் தர இயலாது. ஆயினும், முதுகைக் கண்டு அஞ்சி வாழ்வது குறையும். நாள்பட்ட வலியில் பாதிச் சுமை அந்த அச்சம்தான்.

தூணோரம் நின்ற மூதாட்டிக்கும் வழி அடைபடவில்லை. இந்தப் பிரதோஷத்தில் மருமகளின் கைபற்றிப் பிரகாரத்தை ஒருமுறை வலம் வரலாம். அடுத்ததில் இரண்டு முறை. மூன்றாவதிலோ நான்காவதிலோ தூணைப் பற்றி ஒரு முழங்காலை ஊன்றிப் பார்க்கலாம். கொடிமரத்தடியில் நெற்றி தரையைத் தொடும் நாள் சற்றுத் தாமதமாக வரலாம். தேர் எப்போதும் மெல்லத்தான் நிலைக்கு வந்து சேரும்.